விமானத்தில் குழந்தை அழுகிறதா? முதலில் மணியைப் பாருங்கள்

அமெரிக்காவில் டல்லாஸுக்கும் சென்னைக்கும் இடையே பிள்ளைகளோடு இதுவரை ஆறு தடவை போய் வந்தாயிற்று. அதில் மூன்று தடவை கணவர் கூட வரவில்லை. இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்தபடி ஒன்று, முதுகில் பை. வளைகுடாவில் இறங்கி மாறும் பயணம்தான் எங்களுக்கு எப்போதும் வாய்க்கிறது. சென்னையிலிருந்து நாலரை மணி நேரம், அங்கே மூன்று நான்கு மணி நேரக் காத்திருப்பு, அப்புறம் பதினாறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ ஒரே ஓட்டம்.

முதல் பயணத்தில் பெரியவளுக்கு ஏழு மாதம். அவள் அழ ஆரம்பித்ததும் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்தேன், பால் கொடுத்தேன், டயப்பரைப் பிரித்தேன், தோளில் போட்டுத் தட்டினேன், கிலுகிலுப்பையை ஆட்டினேன். கடைசியில் அவள் எதனால் அழுதாள், எதனால் நிறுத்தினாள் என்று ஒன்றும் புரியவில்லை. பேச்சு வராத பிள்ளையிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்க முடியாது. ஆனால் அழுகை எப்போது தொடங்கியது என்று பார்க்கலாம். ஏறி ஒரு மணி நேரத்திலா, விளக்கை அணைத்த பிறகா, இறங்கும்போதா? விமானத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் என்று ஒரு கோளாறு இருக்கிறது, பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். அந்தக் கணக்கை வைத்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அதை மட்டும் படித்தால் போதும்.

இறங்கத் தொடங்கியதும் அலறல், காதைப் பிடித்து இழுக்கிறது

இது காது. வேறு எதையும் தேட வேண்டாம்.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தைச் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள். ஏறத்தாழ கொடைக்கானல், ஊட்டி உயரம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மலைப்பாதையில் இறங்கும்போது காது அடைத்துக்கொள்ளுமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. பஸ் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் இறக்கத்தை விமானம் அரைமணி நேரத்தில் முடித்துவிடுகிறது. செவிப்பறைக்கு உள்பக்கம் இருக்கும் காற்று, மூக்கின் பின்புறம் வரை போகும் ஒரு மெல்லிய குழாய் வழியாகத்தான் போய்வர வேண்டும். ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக அந்தக் குழாய் திறந்தாக வேண்டும், அது விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் நன்றாகத் திறக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அது குறுகலாகவும் நமக்கு இருப்பதைவிடப் படுக்கைவாட்டிலும் இருப்பதால் சட்டென்று அடைத்துக்கொள்கிறது.

ஆகவே எதையாவது விழுங்கவைக்க வேண்டும். தாய்ப்பால், புட்டி, தண்ணீர், சப்பான் (வாயில் வைத்துச் சப்பும் ரப்பர்), எதுவானாலும் சரி. தவறு நடப்பது நேரத்தில்தான். சக்கரம் தரையைத் தொடப் போகும்போது புட்டியை எடுத்தால் பிந்திவிட்டது என்று அர்த்தம். முன்சீட்டுத் திரையில் வரைபடத்தைப் போட்டு வையுங்கள், அதில் உயரம் என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும், அது குறைய ஆரம்பித்ததும் கொடுக்க ஆரம்பியுங்கள். இன்னொரு தவறை நான் இரண்டு தடவை செய்தேன். எப்படியும் இறங்கும்போது அழப் போகிறாள் என்று ஒரு மணி நேரம் முன்னாலேயே வயிறு முட்டப் பால் கொடுத்துவிட்டேன். தேவைப்பட்ட நேரத்தில் வாயையே திறக்கவில்லை. இப்போதெல்லாம் கடைசிப் பாலைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, லேசாகப் பசியோடு வைத்திருப்பேன், மடமடவென்று குடிக்கவிடாமல் நிறுத்தி நிறுத்தி அரைமணி நேரத்துக்கு நீட்டுவேன்.

தூங்கும் பிள்ளையை எழுப்பலாமா என்றால், நான் எழுப்பிவிடுவேன். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. பதினாறு மணி நேரம் கெஞ்சித் தூங்கவைத்ததை எழுப்ப மனசு வராதுதான், ஆனால் வலியில் விழித்தால் சமாளிப்பது அதைவிடக் கஷ்டம். எதையும் குடிக்க மாட்டேன் என்று அழுதே தீர்த்தால் விட்டுவிடுங்கள், அழும்போது வாய் விரிவதிலும் எச்சில் விழுங்குவதிலும்கூடக் காது திறந்துகொள்ளும். மூன்று வயதுக்கு மேல் இருந்தால் ஸ்ட்ரா வைத்த டம்ளரில் தண்ணீர் கொடுத்து உறிஞ்சச் சொல்லலாம், யார் பெரிதாகக் கொட்டாவி விடுகிறார்கள் என்று போட்டி வைக்கலாம்.

சளி பிடித்திருந்தால் வலி இரண்டு மடங்காகும். இறங்குவதற்குச் சற்று முன் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டுத் துடைத்துவிடுங்கள், அதற்கு வயது வரம்பு இல்லை. காதில் சீழ் அல்லது காய்ச்சலோடு காதுவலி இருந்தால் பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள், பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியிருக்குமா என்று அவர்தான் சொல்ல முடியும். இறங்கிய மறுநாளும் வலி விடவில்லை, காதில் நீரோ ரத்தமோ வருகிறது என்றாலும் அப்படியே.

ஒரு காகிதக் கப்பில் வெந்நீரில் நனைத்த தாளை வைத்துக் காதில் கவிழ்க்கும் கைவைத்தியம் ஒன்று உண்டு, ஒருமுறை பக்கத்து சீட்டு அம்மா அன்போடு கொண்டுவந்தார். அடைப்பு இருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம், ஆவி அங்கே போகாது. காது சுட்டுப்போனால்தான் மிச்சம். நன்றி சொல்லி வாங்கிக் கீழே வைத்துவிட்டேன்.

ஏறி ஒரு மணி நேரத்தில் காலை மடக்கி அழுகை, வயிறு கல் மாதிரி

வாயு. வெளி அழுத்தம் குறையும்போது வயிற்றுக்குள் இருக்கும் காற்று விரிகிறது, 8,000 அடிக்குச் சமமான அழுத்தத்தில் அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும். பெரியவர்கள் பேன்ட் பட்டனைத் தளர்த்திவிட்டுச் சும்மா இருக்கிறோம், அதுங்களுக்கு அது தெரியாது. டயப்பரின் ஒட்டுப்பட்டையை ஒரு விரல் போகும் அளவுக்குத் தளர்த்துங்கள், இடுப்பு இறுக்கும் பேன்ட் இருந்தால் கழற்றுங்கள், நெஞ்சோடு நிமிர்த்தி வைத்து முதுகைத் தட்டுங்கள். விமானம் ஏறுவதற்கு முன் அவசர அவசரமாகப் புட்டிப்பால் கொடுத்து ஏப்பம் விடாமல் ஓடிவந்திருந்தால் இது நிச்சயம் வரும். சென்னையிலிருந்து விடியற்காலை மூன்று மணி, நான்கு மணிக்குக் கிளம்பும் விமானங்களில் எல்லோரும் அப்படித்தான் ஓடிவருகிறோம்.

இதன் அண்ணன் தம்பி ஒன்று இருக்கிறது. சிப்பர் கப்பின் மூடியைத் திறந்ததும் பால் பீய்ச்சிக்கொண்டு உங்கள் முகத்தில், முன்சீட்டில், சில சமயம் முன்சீட்டுக்காரர் தலையில். கப் பழுது என்று தூக்கிப் போடாதீர்கள். தரையில் மூடியபோது உள்ளே அடைபட்ட காற்று மேலே விரிந்து, ஸ்ட்ரா வழியாகப் பாலைத் தள்ளுகிறது. மூடியை முதலில் அரைச்சுற்றுத் தளர்த்திக் காற்றை விட்டுவிட்டு அப்புறம் ஸ்ட்ராவை நிமிர்த்தினால் ஒன்றும் ஆகாது, ஒரு துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். பழக்கூழ் பாக்கெட்டும் உப்பிப்போய் இருக்கும், அதற்கும் இதே வைத்தியம்.

தூளியில் தூங்கிய பிள்ளை பாசினெட்டில் தூங்க மறுக்கிறது

அம்மா வீட்டில் இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் பயணத்தில்தான் இது வரும், போகும்போது வராது. ஊருக்குப் போன மூன்றாம் நாளே உத்திரத்தில் கொக்கி மாட்டி, பழைய பருத்திப் புடவையில் தூளி கட்டிவிடுகிறார்கள். பிள்ளையும் அதில் சுருண்டு படுத்துக்கொண்டு, சுற்றிலும் துணி மறைக்க, யாராவது ஆட்டிக்கொண்டே இருக்க, ராஜா மாதிரி தூங்குகிறது. பாசினெட் என்பது விமானத்தின் தடுப்புச் சுவரில் மாட்டும் தட்டையான பெட்டி. ஆடாது, மறைக்காது, தலைக்கு நேரே விளக்கு. இருட்டுக்கும் ஆட்டத்துக்கும் பழகிய பிள்ளை அதில் வைத்த ஐந்தாவது நிமிடம் கத்தும்.

இதை விமானத்தில் சரிசெய்ய முடியாது, ஊரிலேயே ஆரம்பிக்க வேண்டும். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு பகல் தூக்கத்தை மட்டும் பாய்க்கு மாற்றுங்கள். ராத்திரித் தூளியில் ஆட்டும் வேகத்தை நாளுக்கு நாள் குறைத்து, கடைசி மூன்று நான்கு நாளில் தூங்கியதும் ஆட்டாமல் விட்டுப் பாருங்கள். பாட்டிமார் விடமாட்டார்கள், எங்கள் வீட்டில் நான் பக்கத்து அறைக்குப் போனதும் தூளி ஆடும் சத்தம் கேட்கும். ஆனாலும் பாதிக்குப் பாதி வேலை நடந்தது.

விமானத்தில் எனக்குக் கைகொடுத்தது நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் துணி கேரியர்தான். கட்டிக்கொண்டு, பணிப்பெண்கள் உணவு எடுத்துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று முட்டியை லேசாக மடக்கி மடக்கி ஆடினால் தூளி ஆட்டம் ஓரளவு வந்துவிடும், விமானத்தின் இரைச்சல் தாலாட்டுக்குப் பதில். நன்றாக அசந்த பிறகு பாசினெட்டில் வைக்கலாம். வீட்டில் தூளி கட்டிய அதே புடவையில் ஒரு துண்டைக் கிழித்து எடுத்து வந்து அடியில் விரித்தால் வாசனைக்கு இன்னும் கொஞ்ச நேரம் தூங்கும். மேலே போட்டு மூடிவிடாதீர்கள், மூச்சு முட்டும். சீட்பெல்ட் விளக்கு எரிந்தால் பிள்ளையை வெளியே எடுக்கச் சொல்வார்கள், நள்ளிரவானாலும், இப்போதுதான் தூங்கினாலும். அதற்காகச் சண்டை போடாதீர்கள், குலுக்கலில் அந்தப் பெட்டி பிள்ளையைப் பிடித்துக்கொள்ளாது.

பாசினெட் சொல்லிவைத்திருந்தும் கிடைக்கவில்லை

டிக்கெட் எடுத்த அன்றே கேட்டால்கூட அது வேண்டுகோள் மட்டும்தான், முடிவு கவுண்டரில். வயதில் சின்னப் பிள்ளைக்கு முன்னுரிமை கொடுப்பார்கள். எடை வரம்பும் உண்டு, பல நிறுவனங்களில் 10, 11 கிலோ, சிலவற்றில் இன்னும் கொஞ்சம் கூடுதல். கிடைக்காவிட்டால் ரொம்ப வருத்தப்பட வேண்டாம். அந்த முதல் வரிசை சீட்டுகளில் மேசையும் திரையும் கைவைக்கும் கட்டைக்குள் இருப்பதால் கட்டை மேலே தூக்காது, பெரிய பிள்ளையை உங்கள் மடியில் தலைவைத்துப் படுக்கவைக்க முடியாது. முன்னால் சீட் இல்லாததால் கிளம்பும்போதும் இறங்கும்போதும் பையைக் கால்மாட்டில் வைக்கவும் கூடாது, மேலே போய்விடும், சரியாக அந்த நேரத்தில்தான் சப்பான் அதற்குள் இருக்கும். ஒரு புட்டி, ஒரு டயப்பர், துடைப்புத் தாள், சப்பான், இவ்வளவையும் ஒரு சின்னப் பையில் போட்டுக் கைக்கெட்டும் உறையில் செருகிக்கொள்ளுங்கள்.

இரண்டு கைக்குழந்தைகளோடு போகும் குடும்பத்தை ஒன்றாக உட்காரவிடாமல் பிரித்தால் அதற்குக் காரணம் உண்டு. ஒட்டியிருக்கும் சீட்டுகளுக்கு மேலே ஆக்சிஜன் முகமூடி வழக்கமாக ஒன்றுதான் கூடுதலாக இருக்கும், ஆகவே அந்தத் தொகுதியில் மடிப்பிள்ளை ஒன்றுதான் இருக்கலாம். நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று கேளுங்கள், கொடுத்துவிடுவார்கள்.

செக்யூரிட்டியில் பிள்ளை பீப் அடிக்கிறது

அரைஞாண் கொடி. இல்லாவிட்டால் கொலுசு, காப்பு. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, ஆனால் அந்தக் கருவிக்கு எந்த உலோகமும் ஒன்றுதான். சென்னையில் பாதுகாப்புப் படைக்காரர்கள் பார்த்ததும் புரிந்துகொண்டு சிரித்துவிட்டு விடுவார்கள். வெளிநாட்டில் மாறும் விமான நிலையத்தில், ஒன்பது மாதப் பிள்ளை இடுப்பில் ஏன் சங்கிலி கட்டியிருக்கிறது என்று விளக்கி, டயப்பருக்கு மேலே தூக்கிக் காட்டி முடிப்பதற்குள் பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. பயணத்துக்கு மட்டும் கழற்றிவிட்டுக் கறுப்புக் கயிறு கட்டிவிடுங்கள். வெறும் இடுப்போடு விடக் கூடாது என்று சொன்ன என் அம்மாவும் அதற்குச் சம்மதித்துவிட்டார். கையில் வசம்பு வளையல் இருந்தால் (பேர் சொல்லாதது என்றுதான் எழுத வேண்டுமாம், மன்னிக்கவும்) கருவி ஒன்றும் சொல்லாது, ஆனால் அது செடியின் கிழங்கு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் ஊரிலேயே கழற்றிவைப்பது நல்லது, அமெரிக்காவில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பாலை எடுத்துக் கீழே ஊற்றச் சொல்வார்களோ என்று பயப்பட வேண்டாம். 100 மில்லி வரம்பு கைக்குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் கிடையாது, பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் முதலிலேயே வெளியே எடுத்துத் தட்டில் வையுங்கள். மாவு விஷயத்தில்தான் நம் ஆட்கள் மாட்டுகிறார்கள். அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லி அளவுக்கு மேல் எந்தப் பொடி கையில் இருந்தாலும் தனியாகச் சோதிப்பார்கள், திருப்தி இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். டப்பா பால்பவுடருக்கு விலக்கு உண்டு. மாமியார் வறுத்து அரைத்துக் கொடுத்த இரண்டு கிலோ சத்துமாவு பெரிய பெட்டியில் போகட்டும், கையில் ஒரு நாளைக்கு வேண்டியது மட்டும்.

பால்பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை. அது கிருமி நீக்கிய பொருள் அல்ல, அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் குறைந்தது 70 டிகிரி சூடுள்ள தண்ணீரில் கலந்து, பிறகு ஆறவைக்கச் சொல்கிறது. வெந்நீரைப் பணிப்பெண்ணிடம் கேட்டால் தருவார், ஆனால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாங்காதீர்கள். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், வாய்வைத்த புட்டி என்றால் ஒரு மணி நேரம்.

இமிக்ரேஷனில் "இது உங்கள் குழந்தைதானா?"

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இருக்கும் இடத்தில் என் அப்பா பெயர். கணவருக்கு அவருடைய அப்பா பெயர். பிள்ளைகளுக்குக் கணவர் பெயர். நாலு பேர் உள்ள வீட்டில் மூன்று சர்நேம். நமக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு நான் யாரோ ஒருவருடைய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது போலத் தெரிகிறது. கோபப்படாதீர்கள், பிள்ளை கடத்தலைத் தடுப்பது அவர் வேலை. தாய் தந்தை இருவர் பெயரும் உள்ள ஆங்கிலப் பிறப்புச் சான்றிதழும், வராத கணவரோ மனைவியோ எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிய சம்மதக் கடிதமும், அவருடைய பாஸ்போர்ட் நகலும் கைப்பையில் இருந்தால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும்.

சர்நேமே போடாமல் ஒற்றைப் பெயரில் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் இன்னும் கவனம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா, விசிட் விசாவில் வருபவர்களை நிறுத்தியது, பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். துபாய் போகும் குடும்பங்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. அமெரிக்காவில் பிறந்து அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைக்கு இந்தியா வர ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) விசாவோ கட்டாயம், இரண்டு மாதப் பிள்ளையானாலும். நம் பிள்ளைதானே, நம்மோடுதானே வருகிறது என்று கவுண்டர் வரை வந்து திரும்பிப் போன குடும்பத்தை நேரில் பார்த்தேன்.

போகும்போது மடியில், திரும்பும்போது "சீட் எங்கே?"

நடுவில் இரண்டாவது பிறந்தநாள் வந்திருக்கும். இரண்டு வயது முடிந்த பிள்ளைக்குத் தனி சீட் வேண்டும், திரும்பும் பயணத்துக்கும் அதே கணக்கு. டிக்கெட் எடுக்கும்போதே சரியான பிறந்த தேதியைக் கொடுத்தால் அப்போதே தெரிந்துவிடும்.

"ஒரு மூடி சிரப் கொடுத்துவிடு, தூங்கிக்கொண்டே வரும்"

அறிகுறி என்று சொல்ல முடியாது, அறிவுரை. கிளம்புவதற்கு முந்தின நாள் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார், என்னிடம் மூன்று பேர் சொன்னார்கள். செய்யாதீர்கள். அந்தக் காலத்திலிருந்து வீட்டில் புழங்கும் புரோமெத்தசின் வகை மருந்து இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மூச்சையே மந்தமாக்கிவிடலாம், உயிர் போனதும் உண்டு என்பதால் அமெரிக்க மருந்துத் துறை அதன்மேல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடவைத்திருக்கிறது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று இந்தியாவிலேயே 2023 டிசம்பரில் உத்தரவு வந்தது. இதெல்லாம் போக, சில பிள்ளைகளுக்கு இந்த மருந்துகள் தலைகீழாக வேலை செய்யும், தூங்குவதற்குப் பதில் பேய் பிடித்ததுபோல் ஆடும். அதைப் பதினாறு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? இருமலுக்கு நல்லது என்று யாராவது தேன் நக்கக் கொடுத்தாலும் ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொண்டுபோகலாம், கொண்டுபோகத்தான் வேண்டும். அதில் ஒரு குழி இருக்கிறது. நம் ஊரில் சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், சிரப் ஐந்து மில்லியில் 125 அல்லது 250. மூன்றும் பார்க்க ஒரே மாதிரி, ராத்திரி விளக்கணைத்த விமானத்தில் கேட்கவே வேண்டாம். ஒரே ஒரு பாட்டிலை எடுத்துப் போங்கள். பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி அந்தப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள்.

மூன்று வயது, முன்சீட்டை உதைக்கிறான்

கால் தரையைத் தொடாது, சீட்டின் நீளம் முழுக்கக் கால் நீட்டியபடி இருக்கும், பாதம் சரியாக முன்சீட்டில். குறும்பு பாதிதான், மிச்சம் உடம்பின் அளவு. ஷூவைக் கழற்றுங்கள். பெரியவர்கள் இருவர் போனால் ஒருவரை அவனுக்கு முன்சீட்டில் உட்காரவையுங்கள், உதை குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஜன்னலோரம் கொடுத்தால் நடைபாதையில் ஓடுவதும் குறையும்.

நேரம் போக எங்களுக்குப் பொரி ஒரு டப்பா. ஒவ்வொன்றாக எடுத்துத் தின்ன ஒரு மணி நேரம் ஆகும். சிந்தினாலும் ஒட்டாது. வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கடலை மிட்டாய் வேண்டாம், குலுக்கலில் தொண்டையில் சிக்கினால் அங்கே மருத்துவமனை இல்லை.

வாந்தி

இரண்டு வயதுக்குக் கீழ் பயணக் குமட்டல் அபூர்வம், அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரைதான் அதிகம். கைப்பிள்ளை வாந்தி எடுத்தால் பால் அதிகமாகிவிட்டதா, காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய பிள்ளை என்றால் போனையும் டேப்லெட்டையும் மூடிவிட்டு, கண்ணைத் தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள், இறக்கைக்குப் பக்கத்து சீட்டில் ஆட்டம் குறைவு. மாற்றுத் துணி உங்களுக்கும் ஒன்று எடுங்கள். பிள்ளைக்கு நாலு செட் வைத்துக்கொண்டு, நான் மட்டும் புளித்த பால் வாசனையோடு பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டயப்பர் கசிகிறது

மணிக்கு ஒன்று வீதம் கணக்குப் போட்டு எடுங்கள், மிஞ்சினால் நல்லது. ராத்திரிக்கு ஒரு அளவு பெரியது. மாற்றும் பலகை எல்லாக் கழிப்பறையிலும் இருக்காது, கதவில் குழந்தைப் படம் இருக்கும் அறையைப் பாருங்கள்.

இறங்கினால் ஸ்ட்ரோலர் இல்லை

விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து கொடுக்கலாம், ஆனால் எங்கே திருப்பித் தருவார்கள் என்பது விமான நிலையத்தைப் பொறுத்தது. சில இடங்களில் வாசலிலேயே வரும், சில இடங்களில் கடைசி ஊர் பெட்டி வரிசைக்குப் போய்விடும். மாறும் ஊரில் கிடைக்குமா என்று சென்னை கவுண்டரிலேயே கேட்டு, அட்டையில் என்ன எழுதினார்கள் என்றும் பாருங்கள். கிடைக்காது என்றால் துணி கேரியர் கையில் இருக்கட்டும். சக்கரம் உடைந்து வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே போகும் முன்பே புகார் எழுதி நகல் வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்தில் நேரும் இழப்புகளுக்கான மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க ஏழு நாள்தான். நான் வீட்டுக்கு வந்து, தூங்கி எழுந்து, எட்டாம் நாள் எழுதினேன்.

வீடு வந்தாயிற்று, ராத்திரி இரண்டு மணிக்கு விளையாடக் கூப்பிடுகிறது

டல்லாஸுக்கும் நமக்கும் கோடையில் பத்தரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதினொன்றரை. பகல் அப்படியே ராத்திரி. உடம்பின் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும், ஆகவே ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அவசரப்படுத்த முடியாது. இரண்டு மூன்று மாதத்துக்கும் குறைவான பிள்ளைக்கு அந்தக் கடிகாரமே இன்னும் ஓடத் தொடங்கவில்லை, அதுங்களுக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான்.

காலையில் எழுப்பி வெயிலில் கூட்டிப் போங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாதீர்கள், அழுதாலும். ராத்திரி விழித்தால் அது நிஜமாகவே பசிதான், ஊரில் அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் வரை ராத்திரி இரண்டு மணிக்குத் தயிர்சாதம் கேட்கும். சமையலறைப் பெரிய விளக்கைப் போடாமல், அடுப்பு மேல் சின்ன விளக்கில், பேச்சுக் கொடுக்காமல், கொஞ்சமாக ஊட்டிவிட்டு மறுபடி படுக்கையில் போட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் பாட்டிக்கு வீடியோ கால் போட மட்டும் போட வேண்டாம். போட்டால் அங்கே நல்ல வெயில் தெரியும், அப்புறம் விடியும்வரை யாரும் தூங்க முடியாது.